மூத்தோர் படகோட்டப் போட்டி: பட்னிக்குப் போகுமுன்

லண்டனில் டூட்டிங், விம்பிள்டன் பக்கம் புதிதாகக் குடியேறியவர்களுக்குப் பட்னி ஆற்றங்கரை தூரமில்லை. வழக்கமாக மார்ச்சில், வெஸ்டா படகோட்டக் கழகம் அங்கே தேம்ஸ் ஆற்றில் மூத்த அணிகளுக்கான போட்டியை நடத்தும். மூத்தோர் என்றதும் நரைத்த தலைகளைத் தேட வேண்டாம். இந்த விளையாட்டில் 27 வயதானாலே அந்தக் கணக்குத்தான். துடுப்பு வலிப்பவர்களின் சராசரி வயதை வைத்து வகை பிரிப்பார்கள்: 50 என்றால் டி, 55 என்றால் ஈ, 60 என்றால் எஃப். சுக்கான் பிடிக்கும் காக்ஸின் வயது இதில் சேராது.

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் அதே 6.8 கிலோமீட்டர்தான், ஆனால் திசை மாறும். அவர்கள், கடல்நீர் ஏறி ஆறு மேல்நோக்கி ஓடும் பெருக்கோடு பட்னியிலிருந்து மோர்ட்லேக்குக்கு ஏறுவார்கள். இவர்கள், நீர் கடலுக்கு இறங்கும் வற்றோடு மோர்ட்லேக்கிலிருந்து பட்னிக்கு இறங்குவார்கள். வற்றுப்பெருக்கு நேரத்தைப் பார்த்தே தேதியும் தொடக்க நேரமும் குறிப்பதால், போன வருடம் காலையில் நடந்தது இந்த வருடம் பின்னேரம் நடக்கலாம்.

படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். முடிவு கடிகாரக் கணக்கில். பின்னால் வருபவன் நெருங்கிவிட்டால் முன்னால் போகிறவன்தான் வழி விட வேண்டும். வலிப்பதென்னவோ 20 நிமிடம் முன்பின்தான். அதற்குமுன் தொடக்க இடம்வரை வலித்துப் போய் வரிசையில் காத்துக் கிடப்பதுதான் கொடுமை. வியர்த்த உடம்போடு மார்ச் காற்றில் உட்கார்ந்தால் தசை இறுகிவிடும். தொப்பியும் கழற்றி எறியக்கூடிய மேலங்கியும் இல்லாமல் படகேறுவது முட்டாள்தனம்.

வேகத்தில் பாதி காக்ஸின் கையில் இருக்கிறது. வற்றுநீரின் இழுவை ஆழமான நடுவோட்டத்தில்தான் பலம். ஹாமர்ஸ்மித் வளைவில் குறுக்கே வெட்டலாமென்று கரையோரம் ஒதுங்கினால், தூரத்தில் கிடைக்கும் லாபத்தைத் தேங்கிய தண்ணீர் தின்றுவிடும். காற்று ஓட்டத்துக்கு எதிரே அடித்தால் அலை எழுந்து படகுக்குள் தண்ணீர் ஏறும். அந்த நேரத்தில் துடுப்பின் அலகு சரிந்து நீருக்குள் சிக்கினால், பிடி வலிப்பவரின் நெஞ்சில் வந்து இடிக்கும், படகே நின்றுபோகும்.

இறக்குமுன் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். படகின் மூக்கில் 4 சென்டிமீட்டர் ரப்பர் பந்து இறுக்கமாக இருக்க வேண்டும். படகோடு பொருத்திய சப்பாத்தின் குதிக்கால் கயிறு நீளமாக இருந்தால், படகு கவிழும்போது கால் கழன்று வராது. துடுப்பைப் பிடித்திருக்கும் கேட்டின் திருகை எல்லோரும் சரிபார்த்ததாகச் சொல்வார்கள். அடுத்தவர் கையால் ஒருமுறை திருகிப் பார்ப்பதே உத்தரவாதம். ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி, ஏறியதும் அதைக் கழற்றிக் கரையில் நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். திரும்பும்போது நீர் வற்றி, சறுக்கும் சேறுதான் கிடக்கும். அந்த ஆள் பூட்ஸோடு தேநீர் குடிக்கப் போய்விட்டால் பாடு பெரும்பாடு.

பார்க்க வருபவர்களுக்கு சர்ரே பக்க நடைபாதையும் பார்ன்ஸ் பாலமும் நல்ல இடங்கள். இதில் சேர விரும்பினால், பட்னிக் கரைக் கழகங்களில் பெரியவர்களுக்கான தொடக்கப் பயிற்சி உண்டா என்று விசாரியுங்கள். நீச்சல் தெரியுமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

காரை மட்டும் ஆற்றோர வீதியில் விடாதீர்கள். அமாவாசை, பறுவத்தை ஒட்டிய பெருக்கில் அந்த வீதிக்கே தண்ணீர் ஏறும். கதவுவரை மூழ்கி நிற்கும் கார்களைப் படம் பிடிக்கவென்றே அங்கே ஒரு கூட்டம் நிற்பதுண்டு.