ஒன்று போதுமா?

"இன்னொண்டு கிடைக்காட்டி என்ன செய்வீங்க மிஸ்?" என்று கேட்டான் என்னோடு வேலை செய்த தம்பி. "கிடைக்கும்" என்றேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஒரு சொல்லை எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

இறங்குதுறைக் கயிற்றில் செடிபோல் கிளைத்து வளர்ந்திருந்த ஐதரொயிட் என்ற சிறு கடல் விலங்குகளின் கொத்தைச் சுரண்டியபோது அவன் கண்ணில் பட்டது அந்தக் கடற்சிலந்தி, சிலந்திபோல் நீண்ட கால்களுள்ள ஒரு கடல் உயிரி. உடல் இரண்டு மில்லிமீற்றர்கூட வராது. வாயருகே தொடுகால்கள் இல்லை. முட்டை தாங்கும் கால்களில் ஆறு கணுக்கள், அவற்றில் முட்டை உருண்டைகள். அப்படியானால் அனோப்லோடாக்டிலஸ் பேரினம், வளர்ந்த ஆண். இந்தப் பேரினத்துப் பெண்ணுக்கு அந்தக் கால்களே கிடையாது. முட்டை சுமப்பது தகப்பன்தான். இதுவரை எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

பிரச்சினை தொடைக் கணுவில் வந்தது. முட்டைகளை ஒட்டவைக்கும் பசை அங்குள்ள சுரப்பியிலிருந்துதான் வருகிறது. அதன் வாய் வெறும் துளையா, கிண்ணமா, குழாயா, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் இனத்தைப் பிரிக்க உதவும். எங்களுடையதில் நீண்ட குழாய், நுனி வளைந்திருந்தது. கையில் இருந்த விவரிப்புகள் எதனோடும் அது பொருந்தவில்லை. தம்பி இரவிரவாக இருந்து எட்டுக் கால்களையும் வரைந்துவிட்டான். அழகான வரைபடங்கள். புதிய இனம் என்று எழுதுவோம் என்றான்.

நான் மறுத்தேன், இன்னொன்று கிடைக்கும்வரை பொறுப்போம் என்றேன். காரணங்கள் இருந்தன. இரண்டு கால்களில் அந்தக் குழாய் ஒடிந்திருந்தது. ஒரு கால் சிறியதாக, இழந்தபின் மறுபடி முளைத்ததுபோல் தெரிந்தது. இது திருகோணமலைத் துறைமுகம் வேறு. உலகத்துக் கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு எதுவும் வரலாம். வேறெங்கோ ஏற்கெனவே பெயர் பெற்றதற்கு நாங்கள் இன்னொரு பெயர் வைத்தால், பின்னால் வருபவர்தான் அந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டும். மரபணுச் சோதனைக்கு ஒரு கால் எடுக்கலாம்தான். ஆனால் கடற்சிலந்திக்கு உடம்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, குடலும் இனப்பெருக்க உறுப்பும் கால்களுக்குள் நீண்டிருக்கின்றன. இருக்கும் ஒன்றையும் வெட்ட மனம் வரவில்லை.

அவனும் சும்மா விடவில்லை. 1902இல் ஹெர்ட்மன் முத்துச்சிப்பி ஆய்வுக்கு இலங்கை வந்தபோது சேகரித்த கடற்சிலந்திகளைப் பற்றி கார்ப்பென்டர் எழுதினாரே, அவர்கள் எல்லாம் அடுத்த பருவம் வரும்வரை காத்திருந்தார்களா என்று கேட்டான். நியாயமான கேள்வி. விலங்குகளுக்குப் பெயரிடும் விதிக்கோவையும் ஒற்றை மாதிரியை வைத்து விவரிப்பதைத் தடுக்கவில்லை. இந்தத் துறையில் அப்படிப் பெயர் பெற்றவை ஏராளம்.

அவனுடைய ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதும் எனக்குத் தெரியும். அதற்குள் வாடைக்காற்று பிடித்துவிடும், கயிறு சுரண்ட ஆள் இறங்க முடியாது. தெரிந்துகொண்டுதான் "கிடைக்கும்" என்றேன். எனக்குக் கிடைக்கும் என்ற அர்த்தத்திலா? அப்போது அப்படி நினைக்கவில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. அண்மையில் ஒரு கட்டுரை என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்தது. ஆழ்கடலில் இருந்து எடுத்த ஒரே ஒரு பெண்ணை வைத்துப் புதிய இனம் விவரித்திருந்தார்கள். ஏற்றுக்கொள்ளலாம் என்று எழுதி அனுப்பினேன். அந்த ஆழத்துக்கு யார் திரும்பப் போவார்கள்? எங்கள் கயிறோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்த வித்தியாசம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் வேலை முடிந்து ஊருக்குப் போன தம்பிக்கு அந்தக் கயிறும் ஆழ்கடலும் ஒன்றுதானே என்று நினைக்கும்போது என் கணக்கு ஆட்டம் காண்கிறது.

சித்திரையில் கடல் அமைந்ததும் அதே இறங்குதுறையில் பார்த்தோம். கயிற்றையே மாற்றிவிட்டிருந்தார்கள். கொட்டியாரக்குடாப் பக்கம் தேடியதில் வேறு கடற்சிலந்திகள் கிடைத்தன, இது இல்லை. மாதிரி எதனோலில் பத்திரமாக இருக்கிறது. லேபிளில் பேரினம் மட்டும் எழுதி, இனத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். இப்போதாவது எழுதுவோமா, உன் பெயர்தான் முதலில் வரும் என்று தம்பிக்கு மின்னஞ்சல் போட்டேன். "நீங்களே பாத்துக்கொள்ளுங்க மிஸ்" என்று பதில் வந்தது. அதைச் சம்மதமாக எடுப்பதா, கோபமாக எடுப்பதா என்று தெரியவில்லை. அவனுடைய வரைபடங்கள் இல்லாமல் அந்தக் கட்டுரையை எழுதவும் முடியாது.