கடைக்குப் போகும் முன் கொடியைப் பாருங்கள்

எந்த உடுப்பை நாம் திரும்பத் திரும்ப உடுத்துவோம் என்பதற்கு நம்பக்கூடிய சாட்சி வீட்டுக் கொடிதான். அலுமாரியில் மடித்து வைத்திருப்பதெல்லாம் நமக்குப் பிடித்து எடுத்தவை. கொடியில் காய்பவை மட்டுமே நாம் உண்மையில் உடுத்தியவை. அடுத்தடுத்து இரண்டு, மூன்று கிழமை துவைத்துக் காயப்போடும்போது என்னென்ன தொங்குகின்றன என்று கவனித்தால் போதும். என் கொடியில் எப்போதும் முழங்கை வரை கையுள்ள பருத்தி டொப்புகள், ஷோல் தேவைப்படாத கழுத்து, அழுக்கு தெரியாத நிறம். புதிதாக ஒன்றைக் கையில் எடுத்தால், அதற்கு அந்தக் கொடியில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்றுதான் முதலில் யோசிப்பேன்.

"இந்த நிறம் என்னிடம் இல்லை" என்பதை வாங்குவதற்கு ஒரு காரணமாக நான் எடுப்பதில்லை. 1990இல் இட்டமார் சைமன்சன் என்ற சந்தைப்படுத்தல் ஆய்வாளர் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். மூன்று கிழமைக்கான சிற்றுண்டியை ஒரே தடவையில் தெரிவு செய்யச் சொன்னபோது அவர்கள் வகைவகையாக எடுத்தார்கள். கிழமைக்குக் கிழமை தெரிவு செய்தவர்களோ பெரும்பாலும் பிடித்ததையே மறுபடியும் எடுத்தார்கள். புடவைக்கடையிலும் இதுதான் நடக்கிறது. ஒரு நிறம் இத்தனை வருடமாக நம்மிடம் இல்லாமல் இருப்பதற்கு நம் விருப்பமே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது காலநிலை. அமெரிக்காவில் தபாலில் உடுப்பு விற்கும் ஒரு நிறுவனத்துக்கு வந்த கட்டளைகளை மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். குளிர் கூடிய நாளில் கட்டளையிட்ட குளிர்கால உடுப்புகளே கூடுதலாகத் திரும்பி வந்திருந்தன. அன்றைய உடம்பு என்ன கேட்கிறதோ அதையே எப்போதும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம். மட்டக்களப்பில் நமக்கு இது கச்சான் காற்றும் மாரியும். ஆடியில் மாமாங்கத் திருவிழாவுக்கென்று கடை ஏறும்போது வெளியே கச்சான் அனலாக அடிக்கும். ஆனால் கடைக்குள் ஏசி. அந்தக் குளிரில் பொலியெஸ்டர் உடம்பில் வழுக்கிக்கொண்டு அழகாக விழும். பருத்தி நூல் தன் எடையில் நூற்றுக்கு 7, 8 பங்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பொலியெஸ்டர் நூற்றுக்கு அரைப் பங்குகூட வாங்காது. வெளியே வந்தால் வியர்வை அப்படியே தோலில் நிற்கும். மாரியில் கதை மாறும். மழை விடாத நாட்களில் கனத்த பருத்தி கொடியிலேயே கிடந்து நாறும், பொலியெஸ்டர் மின்விசிறிக் காற்றில் காய்ந்துவிடும். ரேயோன் உடுத்த இதமானது, ஆனால் நனைந்தால் அதன் நூல் பலம் இழக்கும், முறுக்கிப் பிழியக் கூடாது. ஆகவே நான் ஓர் உடுப்பை இரண்டு மாதங்களில் வைத்துப் பார்ப்பேன்: ஜூலையில் ஒரு நாள், டிசம்பரில் ஒரு நாள். ஒன்றிலாவது தயக்கமில்லாமல் பொருந்த வேண்டும்.

என் பெரியம்மா ஆசிரியையாக இருந்தவர். பள்ளிக்கூடத்துக்குக் கட்டியதில் பெரும்பாலானவை மருதமுனைக் கைத்தறிச் சீலைகள். அவர் கடையில் முதலில் செய்வது, துணியின் ஓரத்தைக் கைக்குள் பொத்திக் கசக்கிவிட்டு விரித்துப் பார்ப்பது. "முதல்ல கசக்கிப் பாரு புள்ள, மறுகாதான் நிறம்" என்பார். காலை ஆறரைக்கு அதை யார் அயன் பண்ணப்போவது என்பதே அவருடைய கேள்வி. என்னைக் கேட்டால், உடுப்பைப் பற்றி இதைவிட நல்ல கேள்வி கிடையாது. சீலை என்றால் பிளவுஸ் துணி அந்தக் கிழமையே தையற்காரியிடம் போக வேண்டும், ஃபோல்ஸ் அடிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் அந்தச் சீலை அலுமாரியிலேயே தங்கிவிடும். எனக்கு இன்னொன்றும் உண்டு. கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியில் போகிறவள் நான். வாவிக் காற்றில் நீண்ட ஷோல் பறந்து சில்லில் சுற்றினால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு அழகாக இருந்தாலும் தனித்து உடுத்த முடியாத டொப்பை நான் எடுப்பதில்லை.

போன கிழமை மச்சாள் ஒருத்தி காத்தான்குடியில் பார்த்த சுடிதார்களின் படங்களை அனுப்பி, எதை எடுக்கட்டும் என்று கேட்டாள். "ஒவ்வொன்றையும் எந்த நாள், எங்கே போட்டுக்கொண்டு போவாய், கால்சட்டையும் செருப்பும் எது, சொல்லு" என்றேன். பச்சைப் பருத்திக்கு உடனே பதில் வந்தது: திங்கட்கிழமை, ஒஃபிஸ், இருக்கிற வெள்ளைக் கால்சட்டை. கல் பதித்த ரோஸுக்கு வந்த பதில், "எங்கயாவது விசேஷம் வந்தா." பச்சையை எடுக்கச் சொன்னேன்.

சரி, கூறையும் கலியாண வீட்டுச் சீலையும் என்ன கணக்கு என்று கேட்பீர்கள். அவற்றைக் கொடியோடு ஒப்பிட வேண்டாம். ஒரே நாளுக்கென்று, அந்த நாளைத் தெரிந்துகொண்டே எடுப்பவை அவை. அந்த நாள் நன்றாக அமைந்தால் கொடுத்த காசுக்கு நிறைவு வந்துவிடும். நான் பயப்படுவது நடுவில் நிற்கும் உடுப்புகளுக்குத்தான்: கலியாணத்துக்குப் போதாது, ஒஃபிஸுக்கு மிஞ்சியது. விலையும் நடுத்தரமாக இருப்பதால் யோசிக்காமல் கை போகும். அந்த அடுக்கின் பக்கம் போகும்போது பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன்.