காலையில் குளிரும், மதியம் வெறும் காற்று: ஏசியோடு மூன்று வாரம்

மூன்று வாரம், நான்கு மெக்கானிக், எனக்கு இரண்டு நாள் லீவு காலி. நேற்றுதான் மதியம் படுத்துத் தூங்க முடிந்தது. ஆறாத எரிச்சலோடுதான் எழுதுகிறேன், கொஞ்சம் புலம்பல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது கடைசி மாடி, படுக்கையறை மேற்குப் பார்த்தது. 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி, ஆர்32 கேஸ். போன வெயிலில் ஒரு குறையும் சொல்லவில்லை. இந்த வருடம் காலை பத்து மணி வரை ஜம்மென்று குளிர்ந்தது, இரண்டு மணிக்கு மேல் ஃபேன் மட்டும் ஓடுவது போல ஆனது, இரவு பதினொன்றுக்கு மறுபடி தானாகச் சரியானது. ஃபில்டரைக் கழுவியாயிற்று, ரிமோட்டில் 18 வைத்தும் பார்த்தாயிற்று. (18 வைத்தால் சீக்கிரம் குளிராது. எட்ட முடியாத இலக்கை நோக்கி மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.)

முதல் மெக்கானிக் வந்தது காலை ஒன்பதரைக்கு. அந்த நேரத்தில் ஏசி புது மாப்பிள்ளை மாதிரி நடந்துகொண்டது. "நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். மதியம்தான் பிரச்சினை என்று மூன்று தடவை சொன்னேன். தண்ணீர் அடித்து இண்டோர் யூனிட்டைக் கழுவிவிட்டுப் போனார். அவர் லிஃப்டில் இறங்குவதற்குள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வந்துவிட்டது.

இதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன்: பிரச்சினை எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்துக்குத்தான் ஆளைக் கூப்பிட வேண்டும். "காலையிலதான் ஆள் இருக்கு" என்பார்கள். அடுத்த நாள் ஆனாலும் பரவாயில்லை, மதியம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நில்லுங்கள்.

நான் நிற்கவில்லை. இரண்டாவது ஆளும் காலையில்தான் வந்தார், வந்த உடனே பிரஷர் பார்க்கும் கேஜை மாட்டினார், முள்ளைப் பார்த்தார், "கேஸ் கம்மி" என்றார். எங்கே லீக் என்று கேட்டேன். "லீக் எல்லாம் இல்ல சார், வருஷா வருஷம் கொஞ்சம் குறையும்." நம்பாதீர்கள். ஏசியில் கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது, பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், கசிவைக் கண்டுபிடிக்காமல் மேலே மேலே ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரசரின் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் பாகம்) வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் பிரஷரும் கூடவே மாறும், கேஜ் முள்ளை மட்டும் வைத்து கேஸ் அளவைச் சொல்ல முடியாது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சரி, ஏற்றுங்கள் என்றேன்.

அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. மதியம் மூன்று மணிக்கு ஏசி முழுதாக நின்று விளக்கு மினுங்க ஆரம்பித்தது.

மறுபடி புகார் செய்தால் வாங்கிய பில் கேட்டார்கள். தேடி எடுத்தால் வெள்ளைத் தாள்தான் இருந்தது. அந்த வழவழ காகிதத்தில் அச்சடித்தது சூட்டில் அழிந்துபோகும் என்று யாரும் சொல்லவில்லை. வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். கடையில் பழைய கணக்கைத் தேடி நகல் வாங்கவே ஒரு நாள் லீவு போனது. அந்த நகலைக் காட்டி வரவழைத்த மூன்றாவது ஆள் ஐந்து நிமிடம் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ரூமுக்கு 2 டன் போடணும்" என்றார். இதே அறை, இதே ஏசி, போன வருடம் குளிர்ந்ததே? "வெயில் ஜாஸ்தி சார்."

அன்று கோபத்தில் ஒரு காரியம் செய்தேன், அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இரண்டு சாதாரண தெர்மாமீட்டரை எடுத்து, ஏசி மேலே காற்றை இழுக்கும் இடத்தில் ஒன்றும், குளிர்ந்த காற்று வெளிவரும் வாயில் ஒன்றும் வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டுக் குறித்தேன். காலையில் 27 உள்ளே போய் 15 ஆக வந்தது, 12 டிகிரி வித்தியாசம். மதியம் 31 போய் 25 வந்தது, ஆறுதான். பொதுவாக 8 முதல் 12 வரை வந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம். ஆக காலையில் நல்ல மெஷின், மதியம் நோஞ்சான். கேஸ் கசிந்து குறைந்திருந்தால் காலையிலும் அல்லவா தடுமாற வேண்டும்?

விடை அம்மாவிடமிருந்து வந்தது. துணி எடுக்க பால்கனிக்குப் போனவர் பாதியிலேயே திரும்பி, "டேய், அங்க நிக்கவே முடியல, அடுப்பங்கரை மாதிரி கொதிக்குது" என்றார்.

தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வெளியே 40. அவுட்டோர் யூனிட் காற்றை இழுக்கும் பின்பக்கத்தில் 52!

குற்றவாளி நான்தான். வெளி யூனிட்டுக்கு நிழல் கொடுத்தால் கூலிங் நன்றாக வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இந்த வெயில் தொடங்கியபோது பால்கனிக்கு மூங்கில் தட்டி கட்டினேன். யூனிட் தரையில் இருக்கிறது, முன்னால் கைப்பிடிச் சுவர், அதற்கு மேல் என் தட்டி. ஃபேன் தள்ளும் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் சுற்றி வந்து மறுபடி பின்பக்கமாகவே உள்ளே போயிருக்கிறது. ஏசியின் மேல் எழுதியிருக்கும் டன் கணக்கு, அதாவது குளிர்விக்கும் திறன், வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி இருக்கும்போது அளந்தது. சூடு ஏற ஏறத் திறன் குறையும், ஒரு கட்டத்துக்கு மேல் கம்ப்ரசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நிழல் நல்லதுதான், காற்றை மறிக்காத நிழலாக இருந்தால்.

தட்டியை அவிழ்த்ததும் 52 என்பது 44க்கு இறங்கியது. ஆனால் ஏசி முழுதாகத் தேறவில்லை, விளக்கு மினுங்குவதும் நிற்கவில்லை. இரண்டாவது ஆள் ஏற்றிவிட்டுப் போன கேஸ் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நான்காவதாக வந்தவர் ஒரு பெரியவர், அதிகம் பேசாத மனிதர். மதியம் இரண்டரைக்கு வாருங்கள் என்றேன், மறுபேச்சு இல்லாமல் வந்தார். கேஜை வெளியிலேயே எடுக்கவில்லை. முதலில் டார்ச் அடித்து யூனிட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் என்பதால் இதுவரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, அங்கே கம்பளி போர்த்தியது போலத் தூசி. கழுவினார். குழாய் நட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினார், ஒரு குமிழிகூட இல்லை, லீக் கிடையாது. அப்புறம் கேஸ் முழுவதையும் சிலிண்டருக்கு இழுத்துத் தராசில் வைத்தார். 1.1 கிலோ. யூனிட் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டில் போட்டிருப்பது 0.85 கிலோ. "கால் கிலோ கூட இருக்கு தம்பி. பாவம், மூச்சு முட்டியிருக்கு" என்றார். அரை மணிக்கு மேல் வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது), தகட்டில் உள்ள அளவை எடைபோட்டு ஏற்றினார். மூன்றே முக்காலுக்கு 31 உள்ளே போய் 20 வந்தது. அந்த 11ஐப் பார்த்தபோது எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

கேஸ் ஏற்ற யாராவது வந்தால் "தராசு கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேளுங்கள். முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

யூனிட்டை வெளிச் சுவருக்கு மாற்ற அசோசியேஷனில் கேட்டேன், கட்டட அழகு கெடும் என்று மறுத்துவிட்டார்கள். பால்கனிக்குள்ளேயே உயரமான இரும்பு ஸ்டாண்டில் ஏற்றியிருக்கிறேன், ஃபேன் இப்போது கைப்பிடிச் சுவருக்கு மேலாக வெளியே ஊதுகிறது. அதற்கு யாரையும் கேட்கவில்லை.

அதற்காக மதியம் 22 டிகிரி கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். தலைக்கு மேல் மொட்டை மாடி, அந்தக் கான்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி வரை விடுகிறது. 40 டிகிரி நாளில் எங்கள் அறை 26க்கு வந்தாலே பெரிது. மூன்று மணிக்குக் கொதித்த பிறகு போடாமல் பன்னிரண்டுக்கே 25இல் போட்டுவிடுகிறோம். அவிழ்த்த தட்டியை மேற்கு ஜன்னலுக்கு வெளியே கட்டிவிட்டேன், அங்கேதான் அதற்கு உண்மையான வேலை.

இரண்டாவது ஆளின் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு இன்று காலையும் மெசேஜ் வந்தது.