அடகு நகையும் மீட்பரும்

மகளுக்கு ஆங்கிலச் சொல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து நான்தான் மாட்டிக்கொண்டேன். 'ரிடீம்' என்றால் என்னப்பா என்றாள். போனில் கூப்பன் வந்தால் அமுக்குவோமே, அது என்றேன். இல்லையாம், புத்தகத்தில் பாவத்திலிருந்து மீட்பது என்று போட்டிருக்கிறதாம். தேடிப் பார்த்தால், லத்தீன் மூலத்துக்கே 'விலை கொடுத்துத் திரும்ப வாங்குவது' என்றுதான் பொருள். அட, போன வாரம் லாங் பஜார் பக்கம் அடகுக் கடையில் வட்டியோடு பணத்தைக் கட்டி அவள் அம்மாவின் வளையலை மீட்டுக்கொண்டு வந்தோமே, அதே சொல்! நம்ம வேலூர்க் கோட்டைக்குள் 1846-ல் கட்டிய சர்ச் இருக்கிறதே, அங்கே ஜெபிக்கிறவர்கள் இயேசுவை மீட்பர் என்பதும் இதே கணக்கில்தான். தமிழிலும் இரண்டுக்கும் ஒரே சொல், இத்தனை வருஷம் எனக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம் 'சில்லி' (silly). ஒரு காலத்தில் பாக்கியம் பெற்றவர் என்று அர்த்தம், பிறகு அப்பாவி, இப்போது அசடு. (எங்கள் தெருவில் அப்பாவிக்கும் அசடுக்கும் இன்னமும் பெரிய வித்தியாசம் கிடையாது.)

'குட்பை' கூட 'கடவுள் உன்னோடு இருக்கட்டும்' என்பது தேய்ந்து வந்ததுதான் என்றேன். சரி, குட்பைப்பா என்று புத்தகத்தை மூடிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.