இரண்டு கண்ணும் ஒரே அளவில் திறக்க

"டீச்சர், தூக்கம் வருதா உங்களுக்கு?"

2024 ஆகஸ்டில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். காலை முதல் பீரியட். கோபம் வந்தது. இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் அவன் கேட்டதில் தப்பில்லை என்று புரிந்தது. இடது மேலிமை கருமணியின் மேல்பகுதியை மறைத்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கப் புருவம் மட்டும் வலதைவிட உயரத்தில் இருந்தது. சாயங்காலமானால் நெற்றியில் வரும் வலிக்கு இத்தனை நாளாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது இடது கை ஆள்காட்டி விரல் தானாகப் போய் இமையைத் தூக்கிப் பிடிப்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

எனக்குக் கெரட்டோகோனஸ் உண்டு. கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிவிடும். சாதாரணக் கண்ணாடியில் பார்வை முழுசாகத் தெளியாது. அதனால் 2001 முதல் இரண்டு கண்ணிலும் ஹார்ட் கான்டாக்ட் லென்ஸ். இமை தொங்குவதற்கும் லென்ஸுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் அத்தை நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒத்திக்கொள்ளச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா, "பக்கவாதமா இருக்கப்போகுது, ஸ்கேன் எடுத்துரு" என்று பயமுறுத்தினார். நான் போனது ஒரு அழகுசிகிச்சை கிளினிக்குக்கு. 500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார்கள். இமையை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நெற்றியில் போடாக்ஸ் போட்டால் சுருக்கமும் போகும், கண்ணும் எடுப்பாகும் என்றார்கள். அட்வான்ஸ் கட்டச் சொன்னபோது "வீட்டில் கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து வந்தேன். அப்படி வந்தது என் நல்ல நேரம். என் கண் திறந்திருந்ததே நெற்றித் தசை புருவத்தை இழுத்துப் பிடித்ததால்தான். அந்தத் தசையை மருந்து போட்டு முடக்கியிருந்தால் இமை இன்னும் கீழே இறங்கியிருக்கும். இதைப் பிறகு கண் டாக்டர் சொன்னபோது எனக்கு உடம்பே நடுங்கியது.

அக்டோபரில் மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். இமைக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது, ஆக்குலோபிளாஸ்டி என்கிறார்கள். டாக்டர் அம்மா முதலில் கேள்விகளாகக் கேட்டார். திடீரென்று வந்ததா, மெல்ல வந்ததா? ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? சாப்பாடு விழுங்கச் சிரமமா, பேசப் பேசக் குரல் கம்முகிறதா? சர்க்கரை உண்டா? கண்பாப்பா இரண்டும் ஒரே அளவா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். "இமை திடீர்னு விழுந்து, கூடவே தலைவலி, ரெட்டைப் பார்வை, ஒரு பாப்பா மட்டும் பெருசுன்னா ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது டீச்சர். அது மூளை ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்துறதா இருக்கலாம். உங்களுக்கு அப்படி இல்லை."

அடுத்து அளவு. கட்டைவிரலால் என் புருவத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார், நெற்றி உதவிக்கு வராமலிருக்க. இன்னொரு கையில் சின்ன பிளாஸ்டிக் ஸ்கேல். "நல்லா கீழே பாருங்க. இப்ப மேலே." கீழேயிருந்து மேலே இமை எத்தனை மில்லிமீட்டர் போகிறது என்பதுதான் இமையைத் தூக்கும் லெவேட்டர் தசையின் பலம். எனக்கு 14. தசை நன்றாக இருக்கிறது. பிறகு நேராகப் பார்க்கச் சொல்லி, டார்ச் வெளிச்சம் பாப்பாவில் மின்னும் புள்ளியிலிருந்து இமை விளிம்பு எவ்வளவு தூரம் என்று அளந்தார். வலதில் 4, இடதில் 1. பொதுவாக 4, 5 இருக்குமாம்.

மாலையில் கூடுதலாகத் தொங்குகிறது என்று சொன்னதால் மையஸ்தீனியா இருக்குமோ என்றும் பார்த்தார்கள். நரம்பின் உத்தரவு தசைக்குப் போய்ச் சேருகிற இடத்தில் வரும் கோளாறு அது. ஒரு நிமிடம் இமைக்காமல் மேலேயே பார்க்கச் சொன்னார்கள். பிறகு சிஸ்டர் கையுறைக்குள் ஐஸ் கட்டி போட்டு, மூடிய இமைமேல் 2 நிமிடம் வைத்தார். மையஸ்தீனியா என்றால் குளிர் பட்டதும் இமை 2 மில்லிமீட்டராவது எழும்பும். எனக்கு அசையவில்லை. ரத்தப் பரிசோதனையும் சரியாகவே வந்தது.

பழைய போட்டோ கொண்டுவரச் சொல்லியிருந்தார். கல்யாண ஆல்பம், லைசென்ஸ், பள்ளிக்கூட குரூப் போட்டோக்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினோம். 1999-இல் இரண்டு கண்ணும் சமம். 2012-இலேயே இடது புருவம் ஏறியிருக்கிறது. பன்னிரண்டு வருடமாக யார் கண்ணுக்கும் படவில்லை, என் கண்ணுக்கும்தான்.

"லென்ஸை எப்படிக் கழட்டுறீங்க?" என்று கேட்டார். கண்ணின் வெளி ஓரத்தை விரலால் காதுப்பக்கம் இழுத்துப் படக்கென்று சிமிட்டினால் லென்ஸ் உள்ளங்கையில் விழும். 2001-இல் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தினமும் அந்த இழுப்பு, நாள் முழுக்க லென்ஸின் உரசல். தசையை இமையோடு சேர்க்கிற மெல்லிய ஜவ்வு நாளாக ஆக விட்டுப்போகும் என்றார். தசைக்குப் பலம் இருந்தும் இமை ஏறாததற்குக் காரணம் அதுதான். இடது இமையின் மடிப்புக் கோடு வலதைவிட மேலே போயிருந்ததும் அதற்கு அடையாளமாம். இமையைப் புரட்டி, உள்ளே பழைய லென்ஸ் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்றுகூடத் தேடினார்.

அப்புறம் அவர் செய்த ஒரு காரியத்தை நான் மறக்கமாட்டேன். கண்ணாடியை என் கையில் கொடுத்து, விரலால் என் இடது இமையைச் சரியான உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். "வலது கண்ணைப் பாருங்க." நன்றாக இருந்த வலது இமை என் கண்முன்னாலேயே மெல்ல இறங்கியது. 4 இருந்தது 2 ஆனது. மூளை இரண்டு இமைக்கும் ஒரே அளவு உத்தரவுதான் அனுப்பும். விழுந்த இடதைத் தூக்கப் பாடுபட்டபோது வலதுக்கும் கூடுதல் பலம் போயிருக்கிறது. வலதிலும் ஜவ்வு விட்டிருக்கிறது. இரவல் பலத்தில் நின்றிருக்கிறது. இடதை மட்டும் சரிசெய்திருந்தால் ஒரு மாதத்தில் வலது கண் தொங்குகிறதென்று வந்து நின்றிருப்பேன்.

என்னென்ன வழி என்று பொறுமையாகச் சொன்னார். இமையை ஓரிரு மில்லிமீட்டர் தற்காலிகமாகத் தூக்கும் சொட்டு மருந்து உண்டு. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தினமும் போட வேண்டும். கண்ணாடி ஃப்ரேமில் கம்பி வைத்து இமையைத் தாங்கும் முறை, ஆபரேஷன் கூடாதவர்களுக்கு. இமையின் உள்பக்கமாகத் தசையைக் குறுக்கித் தைப்பது இன்னொன்று. என் இமையின் உள்பக்கம் லென்ஸ் உரசிப் பருபருவென்று இருந்ததால் வேண்டாம் என்றார். பிறவியிலேயே தசை பலமில்லாத குழந்தைகளுக்கு இமையை நெற்றித் தசையோடு சிலிக்கான் இழையால் கட்டிவிடுவார்கள். எனக்கு வெளிமடிப்பில் கீறி, விட்டுப்போன ஜவ்வை மறுபடி இமைத்தட்டில், அதாவது இமைக்குள் இருக்கும் கெட்டியான தகட்டில், தைப்பதுதான் பொருத்தம். இரண்டு கண்ணுக்கும்.

உடனே தேதி தரவில்லை. நான்கு வாரம் லென்ஸ் போடாமல் இருந்து பார்க்கச் சொன்னார், அதிலேயே கொஞ்சம் ஏறுகிறவர்கள் உண்டாம். எனக்கு ஏறவில்லை. கண்ணீர் போதுமா என்று காகிதப் பட்டை வைத்துப் பார்த்தார்கள். காப்பீட்டில் முதலில் "அழகுக்கான சிகிச்சை" என்று திருப்பி அனுப்பினார்கள். மேல்பார்வை எவ்வளவு மறைகிறது என்பதை, இமையைப் பிளாஸ்திரி போட்டுத் தூக்கியும் தூக்காமலும் எடுத்த ஃபீல்டு டெஸ்ட் தாள்களோடும் போட்டோக்களோடும் மறுபடி அனுப்பிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் அந்தத் தாள்களை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மே முதல் வாரம், கோடை விடுமுறையில் ஆபரேஷன். மயக்கம் கிடையாது. இமையில் ஊசி மட்டும். அந்த ஊசி சுருக்கென்று எரியும், அரை நிமிடம். பிறகு இழுப்பது தெரியும், வலிக்காது. கருகல் வாசனைதான் கொஞ்சம் கலங்கவைத்தது. நடுவில் என்னை எழுப்பி உட்காரவைத்து, "எதிர்ச் சுவரைப் பாருங்க டீச்சர்" என்றார். இரண்டு இமையையும் ஒப்பிட்டு ஒரு தையலை அவிழ்த்து மறுபடி போட்டார். ஊசி மருந்தில் இருக்கும் அட்ரினலினும் இமையைச் சற்றுத் தூக்கிக் காட்டும், அதையும் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டுமாம். படுத்த நிலையில் சரியாக இருப்பது உட்கார்ந்தால் மாறிவிடும் என்பதால், முழு மயக்கம் கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

முதல் இரண்டு நாள் முகம் வீங்கி, ஊதா நிறம். மூன்றாம் நாள் இடது மேலே, வலது கீழே, அழுதுவிட்டேன். ஆறு வாரம்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்று டாக்டர் சொன்னதை என் மகள்தான் திரும்பத் திரும்பச் சொல்லித் தேற்றினாள். ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். ஜூனில் முதல் இரண்டு வாரம் கண்ணாடியோடு, மங்கலாகவே பாடம் நடத்தினேன். ஆறு வாரம் கழித்து லென்ஸ் போட அனுமதி. இப்போது இமையை இழுப்பதில்லை, லென்ஸில் ஒட்டி எடுக்கும் சின்ன ரப்பர் உறிஞ்சி வைத்திருக்கிறேன்.

இப்போது வலது 4, இடது மூன்றரை. புருவம் கீழே இறங்கிவிட்டது, நெற்றிக் கோடுகள் பாதி போய்விட்டன. தைல பாட்டிலை மூன்று மாதமாகத் திறக்கவில்லை. தூங்கும்போது இமை முழுசாக மூடாமல் இருந்ததால் இரவில் ஆயின்ட்மென்ட் போடுகிறேன். நான் தூங்கிய பிறகு மகள் வந்து பார்ப்பாள். போன வாரம்தான், "அம்மா, நேத்து ராத்திரி நல்லா மூடியிருந்துச்சு" என்றாள். ஆயின்ட்மென்ட்டை நிறுத்தலாமா என்று அடுத்த ரிவ்யூவில் கேட்க வேண்டும்.