ஏபாப் எழுதும் தம்பி தங்கைகளுக்கு

எஸ்ஏபிங்கிற கம்பெனி சாஃப்ட்வேர்ல, அதோட புரோகிராம் மொழியான ஏபாப்ல 'ஃபார் ஆல் என்ட்ரீஸ்' (மெமரியில இருக்கிற இன்டர்னல் டேபிளோட ஒவ்வொரு வரிக்கும் பொருந்துறதை டேட்டாபேஸ்ல இருந்து எடுக்கிற வசதி) போட்டு செலக்ட் எழுதுறீங்களா? அதுக்கு முன்னாடி அந்த இன்டர்னல் டேபிள் காலியா இருக்கான்னு ஒரு இஃப் போட்டுப் பாருங்க. காலியா இருந்தா ஒண்ணும் வராதுன்னுதான் நினைப்போம். நடக்கிறது நேர் எதிர்: வேர் கண்டிஷன் (எந்த வரிகள் வேணும்னு சொல்ற நிபந்தனை) மொத்தத்தையும் கணக்கிலேயே எடுத்துக்காது. விற்பனை ஆர்டர் வரிகள் இருக்கிற விபிஏபி டேபிள்னா, நீங்க லாகின் பண்ணின கிளையன்ட்டோட (எஸ்ஏபிக்குள்ள தனியா பிரிச்ச டேட்டா பகுதி) ஆர்டர் வரிகள் அத்தனையும் வந்து கொட்டும். டெஸ்ட் சிஸ்டத்துல டேட்டா கம்மி, தெரியாது. புரொடக்‌ஷன்ல மாசக் கடைசியில தெரியும்.

இன்னொண்ணு, ரிசல்ட்ல ஒரே மாதிரி வரிகளை அதுவே நீக்கிடும். மெட்டீரியலும் அளவும் மட்டும் எடுத்துக் கூட்டினா டோட்டல் குறையலாம். விபிஇஎல்என் (ஆர்டர் நம்பர்), பிஓஎஸ்என்ஆர் (வரி நம்பர்) ரெண்டு கீயையும் சேர்த்தே எடுங்க. கோட் ரிவியூல நான் முதல்ல தேடுறது காலி டேபிள் செக், கீ இந்த ரெண்டையும்தான்.