சீஸ்பர்கர் சுவையில் மட்டன் மீட்லோஃப்: மூன்று தடவை செய்து பார்த்ததில்

சீஸ்பர்கரில் பன்னை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் ஒரே கட்டியாகப் பிடித்து ஓவனில் சுட்டால் அதுதான் இந்த மீட்லோஃப். அமெரிக்க வீடுகளில் மாட்டுக்கறியில் செய்வார்கள். தருமபுரியில் எந்தக் கடையிலும் கிடைக்கும் வெள்ளாட்டுக்கறிக்கு அந்த அளவுகள் ஒத்துவரவில்லை. மூன்றாவது தடவைதான் துண்டு உடையாமல், சீஸ் ஒழுகாமல் வந்தது.

முதல் தடவை கெட்டது கறியில். வெள்ளாட்டுத் தொடையில் கொழுப்பு குறைவு; அதை மட்டும் போட்டால் வெந்தபின் தவிடு மாதிரி உதிர்கிறது. 600 கிராம் தொடைக்கறிக்கு 150 கிராம் கொழுப்பு கேட்டு வாங்கி, இரண்டையும் மெஷினில் சேர்த்து அரைக்க வேண்டும். கத்தியால் கொத்தியது வறுவலுக்கு நல்லது, இதற்கு ஒட்டாது. இன்னொன்று, கொத்துக்கறியை வீட்டில் கழுவும் பழக்கம். கழுவிய கொத்துக்கறி எவ்வளவு பிழிந்தாலும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சுடும்போது அது தட்டில் தேங்கி, அடிப்பக்கம் அவித்த கறி போல வெளுத்துவிடும். முழுக்கறியாகவே கழுவி, துணியால் ஒற்றிவிட்டு அரையுங்கள்.

பிணைப்புக்கு 60 கிராம் பிரெட்டை 90 மில்லி பாலில் 10 நிமிடம் ஊறவைத்து, கட்டியில்லாமல் மசித்தது, ஒரு முட்டை. நம்ம ஊர் ராகி மாவையும் பிரெட்டுக்குப் பதிலாகப் போட்டுப் பார்த்தாயிற்று. பச்சை மாவு ஊறுவதற்குக் கறியின் சாற்றை இழுத்துக்கொள்கிறது, நறநறப்பும் போகவில்லை. ராகி களிக்கே இருக்கட்டும்.

ஒரு பெரிய வெங்காயத்தை (120 கிராம்) பொடியாக நறுக்கி, ஈரம் வற்றும்வரை வதக்கி, நன்றாக ஆறவிட்டுச் சேர்க்கவும். உப்பு 9 கிராம் போதும். சீஸிலும், பின்னால் சேர்க்கும் வினிகர் வெள்ளரியிலும் உப்பு உண்டு. மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், மஞ்சள் கடுகு சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், கெட்சப் இரண்டு டேபிள்ஸ்பூன். இஞ்சி பூண்டும் கரம் மசாலாவும் வேண்டவே வேண்டாம். அவை விழுந்த நொடியில் இது கோலா உருண்டையாகிவிடும். பர்கர் என்று நாக்குக்குச் சொல்வது புளிப்புதான்: வினிகரில் ஊறிய கெர்கின் வெள்ளரி 60 கிராம், பொடியாக நறுக்கி ஒட்டப் பிழிந்தது. பிழியாமல் போட்டால் அந்த இடத்தில் விரிசல் விடும்.

எல்லாம் சில்லென்று இருக்கும்போது, விரல்நுனியால் ஒரு நிமிடம் கலந்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் ரப்பராகிவிடும்.

சீஸ்தான் அதிகம் படுத்தியது. இரண்டாம் தடவை துருவிக் கலந்ததில் பாதி உருகித் தட்டுக்கு வந்துவிட்டது. துண்டு போட்டால் ஓட்டை ஓட்டையாக இருந்தது. மூன்றாம் தடவை, பிராசஸ்டு சீஸ் 120 கிராமை ஒன்றரை சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்தோம். கறியில் முக்கால் பங்கைத் தட்டில் நீளமாகப் பரப்பி, நடுவில் வாய்க்கால் போல் பள்ளம் பறித்து, சீஸை அடுக்கி, மீதிக் கறியால் மூடினோம். இரு முனைகளிலும் இரண்டரை சென்டிமீட்டர் வெறும் கறி இருக்க வேண்டும்; ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான். மூடிய இடத்தை ஈரக்கையால் தடவித் தடவி, கோடு தெரியாமல் மெழுகிவிடுங்கள். மொசரெல்லா இழுபடும், ஆனால் பர்கர் ருசி வராது.

மேல்பூச்சுக்குக் கெட்சப் நான்கு டேபிள்ஸ்பூன், கடுகு சாஸ் ஒரு டீஸ்பூன், நாட்டுச்சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி விலை இறங்கும் நாட்களில் ஒரு கிலோவை வேகவைத்து வடிகட்டி, வினிகரும் சர்க்கரையும் சேர்த்துக் கெட்டியாகச் சுண்டவைத்தால் கடைக் கெட்சப்பே வேண்டாம்.

ஓடிஜியை (மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன்) 180 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்கி, நடுத்தட்டில் 40 நிமிடம். பிறகு பூச்சைத் தடவி இன்னும் 15 நிமிடம். முதலிலேயே தடவினால் சர்க்கரை கருகும். உள்வெப்பம் 71 டிகிரி வர வேண்டும். சமையல் வெப்பமானியைச் சீஸில் குத்தாமல் கறியில் குத்திப் பாருங்கள். எடுத்ததும் 15 நிமிடம் தொடாமல் வைத்தால்தான் சாறு உள்ளே நிற்கும், சீஸும் இறுகும்.

மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் விரல் தடிமனில் வெட்டி, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் இருபுறமும் முறுக விடுங்கள். பன் வேண்டுமென்றால் அப்போது வைத்துக்கொள்ளலாம்.